வழுக்கும் இடம்

முப்பத்தோரு வருஷம் குடிநீர் வாரியம்.
குழாய்ச் சட்டம் தவிர வேறு சட்டம் தெரியாது.
ஆனாலும் விசாரணைக் குழுவில் மூன்றாவது நாற்காலி,
என் பெயருக்கு எதிரே
'பொதுமக்கள் தரப்பு உறுப்பினர்.'

மனுதாரர் சின்னமாது,
பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர்.
வலது முன்கையில் இரண்டு முறிவு.
ஸ்டேஷன் கொடுத்த விளக்கம் ஒரே வரி:
கழிவறையில் வழுக்கி விழுந்தார்.

வழுக்கி விழுந்தார்.
எத்தனை பேப்பரில் படித்துவிட்டோம்.
மாவுக்கட்டுப் படம் போனில் வந்தால்
சிரித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவோம்.
நானும் தள்ளியிருக்கிறேன்.

எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டோம்.
அவர் சுவரைப் பார்த்தார்.
பெண்டாட்டி குள்ளம்மாதான் பேசினாள்:
"விழுந்தா ஒரு பக்கந்தானுங்க அடிபடும்."
அது கருத்து, சாட்சியம் அல்ல என்றார் நீதிபதி.
தட்டச்சர் விரலை எடுத்துக்கொண்டார்.

நான் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

டேப்பும் டார்ச்சும்.
ஆறடிக்கு நாலடி. சொரசொரத்த சிமென்ட் தரை,
கொத்தனார் அவசரத்தில் விட்டுப்போனது,
வெறுங்காலை அரம்போல் உராய்ந்தது.
குழாயைத் திருகினேன். ஒரு இருமல், பிறகு காற்று.
"இன்னைக்குத் தண்ணி விடற நாள் இல்லைங்க மேடம்"
என்றார் ரைட்டர். உதவி செய்யும் சுபாவம்.

எது விடுகிற நாள்?

வால்வு திறக்கும் கவுஸ் பாஷா
கோடுபோட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார்,
பால் கணக்கும் அதிலேயே.
ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம்.
ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை, அவ்வளவு வெள்ளம்;
இங்கே மெயின் லைன் உடைப்பு.
ஸ்டேஷன் தெருவுக்கு நேராக
ஒன்பது நாள் ஒன்றன்கீழ் ஒன்றாக 'இல்லை'.
சின்னமாது வழுக்கியது ஆறாவது 'இல்லை'யில்.

கையெழுத்துக் கேட்டேன்.
மகன் போலீஸ் செலக்ஷனுக்கு
விடிகாலையில் ஓடிப் பழகுகிறான் என்றார்.
நோட்டை மூடினார். திறந்தார்.
உருதுவில் ஒன்று, தமிழில் ஒன்று போட்டார்.

லாரித் தண்ணீர் வாங்கியிருக்கலாமே என்றது எதிர்த்தரப்பு.
பில் கேட்டோம்.
அடுத்த வாய்தாவிலும் கேட்டோம்.

அறிக்கையில் என் பத்தி சின்னது.
தரை வழுக்கும் தன்மை உடையதல்ல.
அன்று தண்ணீர் இல்லை.
காய்ந்த தரையில் ஒருவர் விழ இன்னொருவர் வேண்டும்.
மூன்றாவதை நீதிபதி பேனாவால் அடித்தார்.
இரண்டு நின்றன.

பரிந்துரை மேலே போயிற்று.
தண்ணீரை மேலே ஏற்ற
எத்தனை மீட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லிவிடுவேன்.
காகிதத்துக்குக் கணக்குத் தெரியவில்லை.
சின்னமாது இப்போது இடதுகையால் பெட்டி தூக்குகிறார்,
பாதிக் கூலிக்கு.

தை மாசம், தங்கை மகள் பாஸ்போர்ட் விசாரணைக்காக
அதே ஸ்டேஷன். அதே ரைட்டர்.
எழுந்து வந்து கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார்.
மேலே புதுத் தொட்டி. குழாயில் தண்ணீர்.
சுவர்வரைக்கும் வெள்ளை டைல்ஸ்,
டியூப்லைட் அதில் முழு நீளத்துக்குப் படுத்திருந்தது.
"எல்லாம் நீங்க எழுதினதாலதான் மேடம்."

ஒரு கால் உள்ளே வைத்தேன்.

"பார்த்துங்க," என்று கையை நீட்டினார்,
"வழுக்கும்."