மூன்றாம் கியர், நாற்பது

பிஸ்டன் புதுசு. ரிங் புதுசு.
கனெக்டிங் ராடு கிட்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
தென்காசி லேத்தில் மைதீன் பிச்சை போர் போட்டுத் தந்தார்,
அரை எம்.எம். ஓவர்சைஸ், கை வைத்தால் வழுக்கும்.
மாட்டியது நான்.
அந்த இடத்தில்தான் எல்லோரும்
ஒரு "ம்" போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முப்பத்தைந்தில் இல்லை. நாற்பத்தைந்தில் இல்லை.
மூன்றாம் கியரில், நாற்பதில் மட்டும்
காலித் தம்ளரை யாரோ நகத்தால் சுண்டிக்கொண்டே
கூட வருகிறார்கள்.

எனக்கு வேலை புளியரைச் சோதனைச் சாவடியில்.
மலையிறங்கும் கோழி வண்டிகளின் டயருக்கு
மருந்தடிப்பது, நோட்டில் நம்பர் எழுதுவது.
பறவைக் காய்ச்சல் வந்தால் எங்களைத் தேடுவார்கள்.
மற்ற நாளில் ஒரு மேசை, ஒரு பம்பு, நான்,
வெளியே பழைய ஆர்எக்ஸ் நூறு.
எழுதும்போது மேசை ஆடாமலிருப்பது
இந்த ஒரு மாதமாகத்தான்.

புனலூர் ரெஜிமோன் தீவன லாரியிலிருந்து இறங்கி
முட்டியில் கையூன்றிக் கேட்டார்.
"கிலுக்கமாணு. ஸ்மால் எண்டு."
ஆரியங்காவு மீன்காரர் தலையாட்டினார்:
ஸ்மால் எண்டாவது ஒண்ணாவது, கிளட்சு.
செங்கோட்டை டவுன் பஸ் கண்டக்டர்
இதே வண்டி வைத்திருந்து விற்றவர். "வித்துரு" என்றார்.

ஸ்க்ரூடிரைவரின் நுனியை கிராங்க் கேஸில் வைத்து
பிடியைக் காதில் வைத்தேன்.
உள்ளே ஒரு ரைஸ் மில்லே ஓடுகிறது,
எதில் கல் என்று எப்படிச் சொல்ல?
கிளட்சைப் பிடித்தேன், போகவில்லை.
கோட்டைவாசல் ஏறி, எஸ் வளைவில் இஞ்சினை அணைத்து
காற்றும் டயரும் மட்டுமாக இறங்கினேன்.
சத்தமில்லை. சரி, இஞ்சின்தான்.
பிரித்தேன்.
அம்புக்குறி சைலன்சர் பக்கம்தான் பார்க்கிறது.
இரண்டு லாக்கும் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.
ஊசி பேரிங்கில் ஒரு குறையுமில்லை.
மாட்டினேன். இருந்தது.
இன்னொரு கேஸ்கெட், நூற்றிருபது ரூபாய்,
இன்னொரு முறை பிரித்தேன்.

கோமு பின்னால் உட்கார்ந்து பண்பொழி வரை வந்தாள்.
"எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள்.
"காதைக் குடுத்துக்கிட்டே இருந்தா
சோத்துப் பானையிலயும் சத்தம் வரும்."
அன்று இரவு நான் அவளோடு அதிகம் பேசவில்லை.

அது நடந்தது இரவு இரண்டு மணிக்கு.
வண்டி ஒன்றும் வரவில்லை.
ஸ்டாண்டில் நிறுத்தி, வலக்கையால் முறுக்கி முறுக்கி
அந்த ஒற்றைப் புள்ளியில் பிடித்துவைத்திருந்தேன்.
எட்டிப் பார்க்கப்போய், ஈரக் கையுறையோடு
இடக்கை சிலிண்டர் மேல் விழுந்தது.
ஸ்ஸ் என்று ஆவி. மருந்து நாற்றம்.
சத்தம் நின்றது.

கையை எடுத்தேன். வந்தது.
வைத்தேன். நின்றது.
தட்டில் விழுந்து அதிரும் கரண்டியை
உள்ளங்கையால் அமுக்குகிற மாதிரி.
பிஸ்டனுமில்லை, பேரிங்குமில்லை.
சிலிண்டரின் ரெக்கைகள். ஒவ்வொன்றும் ஒரு தகடு,
தகடுகளுக்கு இடையில் தகடுகள் பாடாதிருக்க
கம்பெனி செருகி அனுப்பிய குட்டி ரப்பர்கள் எங்கே?

லேத்துக்குக் கொடுக்கும் முன் நெம்பி எடுத்தவன் நான்.
பெட்ரோலில் கழுவியவன் நான்.
நான்கு. கறுப்பு. பாக்கு அளவு.
எதற்காவது ஆகும் என்று எடுத்துவந்து
எதற்கோ ஆக்கியும் விட்டேன்.

மெல்லத் திரும்பி மேசையைப் பார்த்தேன்.
வலப்பக்க முன்கால்.

விடியும்போது மூன்றாம் கியரில் நாற்பதில் போனேன்.
இஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது.
திரும்பி வந்து இன்னொரு தரம் போனேன்.

ஒன்பது மணிக்கு டாக்டர் செந்தாமரை மேடம்
கையெழுத்துப் போடக் குனிந்தார்.
டக். பேனா கோட்டைத் தாண்டி ஓடியது.
"இது எப்பலேர்ந்து ஆடுது?"
"எப்பவுமே ஆடும் மேடம்."
அவர் நோட்டைத் தூக்கினார், மேசையைத் தட்டினார்,
தரையின் மேல் பழி போட்டார்.
பியூன் சுவரின் மேல் போட்டார்.
ரெஜிமோன் லாரியை அணைக்காமலே எட்டிப் பார்த்தார்.
தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார்.
"காலாணு" என்றார்.