மாற்றுச் சான்றிதழ்

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
பள்ளி அலுவலகத்தில் எனக்குப் பத்தொன்பதாவது வருடம்.
கூரைத் தகரத்தில் குரங்குகள் ஓடினால்
முதல் இடைவேளை. மணி அப்புறம்தான் அடிக்கும்.

இன்று ஒரு கடிதம் வந்தது.
உறையின் மூலையில் சிறைத்துறை முத்திரை.
கீழ்க்கண்ட மாணவர் எங்கள் வளாகத்தில்
பத்தாம் வகுப்பைத் தொடர விரும்புகிறார்,
மாற்றுச் சான்றிதழ் அனுப்பி உதவவும்.
பெயர்: குவாஷென் முனிசாமி.

எங்கள் வளாகம்.
இரண்டு முறை வாசித்தேன்.
வெஸ்ட்வில்லில் டாக்சி அந்தச் சுவரோரம் திரும்பும்போது
எல்லோருக்கும் திடீரென்று
செல்போனில் ஏதோ வேலை வந்துவிடும்.
எனக்கும்.

போன வருடப் பதிவேட்டை எடுத்தேன்.
மார்ச் வரை வந்திருக்கிறான், ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஏப்ரல் முழுக்க வெள்ளை.
மே மாதத்தில் என் கையெழுத்தில்: விலகினார்.

பத்து-பி பிரிவில் ஐம்பத்தாறு பேர்,
நாற்காலி நாற்பத்தொன்று.
பிந்தி வருகிறவன் ஜன்னல் விளிம்பில் உட்கார வேண்டும்.
இவன் தினமும் பிந்தினான்,
தங்கையைக் கிரெஷில் விட்டுவிட்டு
இரண்டு பஸ் மாறி.
இது எனக்கு அவன் போன பிறகுதான் தெரியும்.
கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.
கேட்பதற்கென்றே ஓர் ஆளைத் தாருங்கள் என்று
ஆலோசகர் பதவிக்கு நான்கு முறை எழுதினோம்.
நான்கு முறையும் ஒரே வரி:
இந்த நிதியாண்டில் இயலாது.

பதினெட்டு முடிந்த மறு வாரம்
பஸ் நிறுத்தத்தில் கத்தியைக் காட்டி
ஒரு கைப்பையைப் பறித்தான்.
அந்தப் பெண் எங்கள் சமையலறை ஹ்லெங்கிவேயின் அக்கா.
இன்னும் தேநீர்க் கோப்பையை
இரண்டு கையாலும்தான் பிடிக்கிறாளாம்.
ஆகவே இதை
பாவம் பையன் என்று என்னால் எழுத முடியாது.

படிவத்தில் ஒரு சந்தேகம்.
கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
மபாசோ என்று ஒருவர் எடுத்தார், கணித ஆசிரியர்.
சந்தேகம் தீர்ந்த பிறகும் போனை வைக்கவில்லை.

வகுப்பில் எத்தனை பேர்?
பதினான்கு.
நாற்காலி?
என்ன கேள்வி இது என்பதுபோல் சற்றுச் சும்மா இருந்தார்.
ஆளுக்கொன்று, அம்மா.
ஆலோசகர்?
செவ்வாயும் வியாழனும்.
அவன் அல்ஜீப்ராவில் கெட்டி, உங்களுக்குத் தெரியுமே?

தெரியாது என்றேன்.

ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது?
அவர் சொன்ன எண்ணைப் படிவத்தின் பின்பக்கம் குறித்து
முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினேன்.
குறைவாகக் கூட்டிப் பார்த்தாலும்
பதினைந்து நாற்காலி,
ஆலோசகருக்குப் பாதிச் சம்பளம்,
மிச்சத்தில் ஒரு சிறுமியை
வீட்டு வாசலிலிருந்து ஏற்றிப் போக ஒரு வேன்.
இது ஒரே ஒருவனின் கணக்கு.
போன வருடம் மட்டும் நான்
பதினோரு பேருக்கு விலகினார் போட்டிருக்கிறேன்.
மற்றப் பத்துப் பேர் எங்கே என்று
எந்த உறையும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
மாறுதலுக்கான காரணம்.
வழக்கமாகக் குடும்பம் இடம்பெயர்ந்தது என்று எழுதுவோம்.
நான் எழுதினேன்:
அங்கே அவனுக்கு நாற்காலி இருக்கிறது.

தலைமையாசிரியர் வெங்கடாஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
இதை அனுப்பினால் மேலிடத்தில் கோபப்படுவார்கள்.
நகலை ஐந்தாவது விண்ணப்பத்தோடும் இணைக்கிறேன் சார்.
ஜெராக்ஸ் மெஷின்தான் கெட்டுக் கிடக்கிறதே, என்றார்.
கையால் எழுதுகிறேன்.
வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்,
முத்திரை மங்காமல் விழட்டும் என்று மட்டும் சொல்லி.

வெளியே வந்தால்
பிந்தியவர்களுக்கான சிவப்புச் சீட்டுக்காக
ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிற்கிறாள்,
ஷூவெல்லாம் சேறு.
சீட்டுப் புத்தகத்தை மூடினேன்.
யாரை விட்டுவிட்டு வருகிறாய் என்று கேட்டேன்.

இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்காதவள்
பதிலுக்கு வாயைத் திறக்காமல்
பின்னால் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.