ஐம்பதுக்கு நூறு

இந்த மாவட்டத்தில் இப்போது எல்லாமே
ஐம்பதுக்கு நூறு.
ஐம்பது அடி முகப்பு, நூறு அடி நீளம்.
கல்யாணப் பேச்சிலும் அதைத்தான் கேட்கிறார்கள்:
பையன் பேரில் எத்தனை ஐம்பதுக்கு நூறு?

நான் அளப்பவள். கதோனி.
கியாம்புவின் செம்மண்
என் மூன்று ஜோடி பூட்ஸைத் தின்றிருக்கிறது.
நைரோபி வடக்கே ஓர் அங்குலம் நகர்ந்தால்
முதல் போன் எனக்குத்தான்.

கிபாதியின் தோட்டம் ஆறு ஏக்கர்.
மகன்கள் நாலு பேர், வக்கீல்கள் இரண்டு பேர்.
காப்பிச் செடிகளுக்கு நடுவே கருவியை நிறுத்தி
கண்ணை வைத்தால்
இலை. அதற்குப் பின்னால் இலை.
"மறைக்குதா, வெட்டிடவா?" என்றான் மூத்தவன்,
பதிலுக்கு முன்பே வெட்டிவிட்டான்.

கோப்பில் பழைய தாள்கள் கிடந்தன.
வெள்ளைக்காரன் ஆண்டபோது
எங்கள் ஆட்கள் காப்பி நட அனுமதி வேண்டும்.
கிபாதியின் அப்பாவுக்கு நூறு செடி, முத்திரையோடு.
கொடி மாறிய பிறகு, விலை விழுந்த ஒரு வருஷம்,
பிடுங்க அனுமதி கேட்டு கிபாதி எழுதியிருக்கிறார்.
மறுப்பு. அதற்கும் முத்திரை.
இன்று யாரும் யாரையும் கேட்பதில்லை.
புல்டோசர் மணிக்கு இவ்வளவு, டீசல் தனி.

வாங்க வருகிறவர்கள் வேலியைத்தான் விசாரிப்பார்கள்.
மின்கம்பி எத்தனை வரி?
வாசலில் ஆள் ராத்திரியும் உண்டா?
கிபாதியின் மனைவி வம்பைரே
வேலியோரம் நின்று சிரித்துவிட்டாள்.
பட்டாளம் ஊரையே கம்பிக்குள் அடைத்த காலத்தில்
இதே சரிவில் அவள் சிறுமி.
"எங்களை இலவசமா உள்ளே வெச்சாங்க" என்றாள், கிக்குயுவில்.
வந்தவர்களில் ஒருவருக்கும் கிக்குயு தெரியாது.
நான் மொழிபெயர்க்கவில்லை.

பதினேழாம் மனையில் கிபாதி இருந்தார்,
சிமென்ட் பூசி, சிலுவை வைத்து.
அதைக் கேட்டு வந்தவர் வங்கி அதிகாரி.
தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு, இருபது சதவீதம் குறைப்பீர்களா என்றார்.
மகன்கள் பத்து என்றார்கள்.
பதின்மூன்றில் கை குலுக்கினார்கள்.
வம்பைரே என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இரவு வரைபடத்தை மறுபடி விரித்தேன்.
முட்டுச்சந்தில் வண்டி திரும்ப வட்டம் வேண்டும்.
சட்டமே சொல்கிறது.
வட்டத்தைக் கொண்டுபோய் அவர்மேல் வைத்தேன்.
சாலையை மட்டும்தான் இங்கே யாராலும் விற்க முடியாது,
இதுவரைக்கும்.
மகன்களுக்கு அரை மனை போச்சு.
கடைசிப் பையன் அதை என் கூலியில் பிடித்துக்கொண்டான்.
பிடிக்கட்டும்.

போன மாதம் ஓர் எல்லைத் தகராறு, திரும்பப் போனேன்.
நான் வரைந்த சாலைக்குள் நுழைய
நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன்:
பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க.
'யாரைப் பார்க்க' என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து
கிபாதி என்று எழுதினேன்.
காவலாளி துர்கானாப் பக்கத்து ஆள்.
பட்டியலில் தேடினான், தலையைச் சொறிந்தான், விட்டுவிட்டான்.

வட்டத்தின் நடுவே ஒரு காப்பிச் செடி சிவக்கப் பழுத்திருந்தது.
யார் நட்டார்களோ, எந்த அனுமதியில்.
பீட்சா கொண்டுவந்த பைக் அதைச் சுற்றித் திரும்பியது.
ஒரு சிறுவன் பழத்தைக் கடித்தான்,
கொட்டையைத் துப்பினான்,
இன்னொன்று பறித்தான்.

பத்து மணிக்கு அடுத்த தோட்டத்தில் வேலை இருந்தது.