கட்டைவிரல்

வாயைத் திறந்தே வைத்திருங்கள், மூக்கால் மூச்சு விடுங்கள் என்று
கெய்ரோவில் பத்தொன்பது வருடம்
அடுத்தவர் பற்களுக்குள் குனிந்து சொன்னவள் நான்.

இங்கே தஹாபில்
என் மகனைவிட இளையவன், சுவைலிம்,
ரப்பர்த் துண்டைக் கடிக்கச் சொல்கிறான்.
மூக்கை மறந்துவிடுங்கள், டாக்டர் நெர்மீன்.

மூக்கு மறக்கவில்லை.
கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் ஏற,
முழங்கால் மணலில் புதைய,
நாலு மீட்டர் ஆழத்தில்
என் நோயாளிகள் வரிசையாக வந்தார்கள்.
நாற்காலிக் கையை நெரித்த விரல்கள்.
கொஞ்சம்தான், கொஞ்சம்தான்
என்ற என் பொய்.

சுவைலிம் பொய் சொல்லவில்லை.
அங்கே எதுவும் சொல்ல முடியாது.
உள்ளங்கையைக் காட்டினான்: நில்.
பிறகு தன் மூக்கைத் தொட்டான்.
ஊதினேன்.
தண்ணீர் வடிந்துபோயிற்று.

நறுக்.
திரும்பினால், நீலமும் பச்சையுமாய் ஒரு கிளிமீன்
பவளத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
நறுக், நறுக்.
மயக்க ஊசி இல்லை, மருந்து வாசனை இல்லை,
பாறையைத் தின்கிறது!
சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினேன்.

கடலுக்குள் அதற்கு
‘மேலே போகலாம்’ என்று அர்த்தம்.
காலையில்தான் படித்துக் கொடுத்திருந்தான்.
என் தோள்பட்டையைப் பற்றி, மெல்ல, பொறுப்பாக
வெயிலில் கொண்டுவந்து சேர்த்தான்.

என்ன ஆயிற்று, டாக்டர்?

பல், என்றேன் மூச்சு வாங்க.
அந்த மீனுக்கு
என்ன பல்!