எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள்?

வயோமிங்கின் கடைசி லாரி நிறுத்தம்.
பனிக்காக நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்து
நாற்பது லாரிகள் படுத்திருக்கின்றன.
பன்னிரண்டாவதில் டார்லா வெஸ்கோட்.
பின்னால் பதினெட்டு டன் உறைந்த உருளைக்கிழங்கு,
அடிவயிற்றில் நெருப்பு.

நீர்க்கடுப்பு.
மத்தியானம் சுருக்கென்றது.
இருட்டியபின் சொட்டுச் சொட்டாய்க் கண்ணாடித் தூள்.
ஒன்பது மணிக்குள் ஏழு முறை
இறங்கி, நடந்து, திரும்பி, ஏறி.
கல்லாவில் இருந்த பையன்
மறுபடியுமா என்று பார்க்கவில்லை.
பார்த்ததுபோல் இவளுக்குத்தான் இருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள்.
இதில் உயிர் போகாது.
ஆனால் உயிர் போகிறது.
இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்
யாரும் கதவு வைக்கவில்லை என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மகள் எப்போதோ இறக்கிக் கொடுத்த செயலி
சீட்டாட்டத்துக்கும் வானிலைக்கும் இடையில் கிடந்தது.
திறந்தாள்.
கார்டு எண் கேட்டது. ஒவ்வாமை கேட்டது.
கடைசி மாதவிடாய் எப்போது என்றது.
'பழைய லாரியோடு போயிற்று' என்று அடித்தாள்.
தேதியாகச் சொல் என்றது.

அப்புறம் ஒரு முகம்.
டாக்டர் ப்ரூயிட், ஒமாஹாவில் யாருடைய சமையலறையோ,
தோளுக்குப் பின்னால் ஊறுகிற பாத்திரம்.
முதல் கேள்வி
எங்கே வலிக்கிறது என்பதல்ல.
"இந்த நிமிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?"

"வயோமிங்."

"எனக்கு உரிமம் நெப்ராஸ்காவுக்கு மட்டும்.
உங்கள் பக்கத்து டாக்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும்."

டார்லா சட்டைக்கையால் கண்ணாடியைத் துடைத்தாள்.
டீசல் விளக்குகள் முடியுமிடத்தில் ஒரு பலகை,
பாதி எழுத்தைப் பனி தின்றிருந்தது.
"எனக்குத் தெரிகிறது" என்றாள்.
"என்ன தெரிகிறது?"
"நெப்ராஸ்கா."

டாக்டர் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.
"நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினைந்து நிமிடம் இணைப்பைத் துண்டிக்க மாட்டேன்."

முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி.
எண்ணினாள். எண்ணாவிட்டால் அந்த நினைவு வரும்.
தரையில் கோடு கீடு எதுவும் இல்லை.
இந்தப் பக்கப் பனி, அந்தப் பக்கப் பனி,
ஒரே பனி.
பலகைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு
"வந்துவிட்டேன்" என்றாள்.

"காய்ச்சல்?"
"இல்லை."
"வாந்தி?"
"இல்லை."
"நடுக்கம்?"
"டாக்டர், நான் வெட்டவெளியில் நிற்கிறேன்."
"சரி. விலாவுக்குக் கீழே, முதுகில்,
முஷ்டியால் தட்டிப் பாருங்கள்."

மூன்று ஜாக்கெட்டுக்கு மேல்
தன்னைத் தானே அடித்துக்கொண்டாள்.
பனி வாரும் வண்டிக்காரன் கடந்து போனான்,
கையைத் தூக்கினான்.
இதைவிட மோசமானதை அவன் பார்த்திருக்கலாம்.

"அங்கே வலித்தால், உடம்பு கொதித்தால்,
என்னைத் தேட வேண்டாம், நேரே அவசரப் பிரிவு."
தலையாட்டினாள்.
"அடக்கிக்கொள்கிற வழக்கம் உண்டா?"

இருபத்தாறு வருடம்.
மைலுக்கு இத்தனை காசு என்று கூலி.
நிறுத்தினால் மைல் ஓடாது.
குடித்தால் நிறுத்த வேண்டும்.
அதனால் குடிப்பதில்லை, காபியைக்கூட நனைத்துக்கொள்வதுதான்.
இதையெல்லாம் கம்பத்திடம் சொல்வதுபோல் சொன்னாள்.
திரையின் மூலையில் நிமிடங்கள் ஓடின.
அவர் குறுக்கிடவில்லை.

ஐந்து நாள் மாத்திரை.
கடை எட்டு மணிக்குத் திறக்கும்,
வயோமிங் பக்கம்தான்.
சீட்டு எல்லை தாண்டலாமாம்,
டாக்டர் தாண்டக் கூடாதாம்.

திரும்பி வந்தபோது
போன தடத்தில் பாதி மூடியிருந்தது.
எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றது செயலி.
அதைக் கவிழ்த்து வைத்தாள்.
இருக்கைக்கடியில் உருண்டு கிடந்த தண்ணீர் பாட்டிலை
எடுத்து, மூடியைத் திருகி,
எரியும் என்று தெரிந்தே
அடிவரைக்கும் குடித்தாள்.
பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.