மச்சம் எந்தப் பக்கம்

கோஜே தீவில், கப்பல்தளத்துக்குப் போகும்
ஐந்தே முக்கால் பேருந்தில்
நாவலாகப் படித்தவரை எனக்குப் பயமில்லை.
தள்ளி நின்று பார்த்தால்
எல்லா எழுத்தும் எறும்புதான்.
பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்தாலும்
பாதுகாப்புச் சுற்றறிக்கை என்று நினைத்துக்கொள்வான்.
அதற்குள் இரண்டு ஆண்கள்
பனிக்கட்டி ஆலையின் பின்கதவில் சாய்ந்து
மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது
அவனுக்கு எப்படித் தெரியும்.

நூற்று நாற்பத்திரண்டு அத்தியாயம்,
கிளைக்கதை ஒன்பது.
வெல்டிங் புகை இருமிய மூன்று குளிர்காலங்களில்
இரண்டு முறை முடித்திருக்கிறேன்.

அப்புறம் அதைப் படக்கதை ஆக்கினார்கள்.
புதன் நள்ளிரவுக்கு ஒரு பகுதி.
முதல் வாரமே சண்டைக்கு நின்றேன்.
மூ-யோலின் மச்சம் இடது காதுக்குக் கீழே;
வரைந்தவர் வலது பக்கம் வைத்துவிட்டார்.
சில கட்டங்களில் அது இல்லவே இல்லை.
தோள்களோ, அடேயப்பா,
பதினான்கு வருடம் இரும்பு தூக்கும் எங்களுக்கே
அத்தனை அகலம் கிடையாது.

கி-தாம் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவன்.
கூவிக் கூவித் தேய்ந்த குரலில்
அவன் ஒரு பெயரை மட்டும் மெதுவாகச் சொல்வதை
நாவல் அரைப்பக்கம் எழுதும்.
படத்தில்
பேச்சுக் குமிழின் ஓரம் கொஞ்சம் நடுங்குகிறது.
பக்கத்தில் பெரிதாக, துகுன் துகுன்.
இதயமாம்.
அவ்வளவுதானா, என்று கைப்பேசியைக் கேட்டேன்.

ஆனாலும் வியாழன் காலைகளில்
வெளிச்சத்தைக் குறைத்து,
திரையை நெஞ்சோடு சாய்த்து,
படித்தேன்.
படம் காட்டிக்கொடுத்துவிடும். முகம் முகமாகவே தெரியும்.

அறுபத்தேழாம் அத்தியாயம்.
கி-தாம் கையை நீட்டுகிறான்,
தொடாமல் இழுத்துக்கொள்கிறான்.
நாவலில் இதற்குப் பதினொரு வரி.
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மீன் கவிச்சி,
அவன் அப்பாவின் கடன்,
மூ-யோல் சட்டையின் வெள்ளை, எல்லாம் வரும்.

படத்தில் ஒரு விரல்.
கீழே வெள்ளை.
தள்ளினேன். வெள்ளை.
இன்னும் தள்ளினேன். வெள்ளை.
பேருந்து சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது,
இன்னும் வெள்ளை.
அப்போதுதான் உறைத்தது,
அந்தக் கையை இழுத்துக்கொண்டிருந்தது
என் கட்டைவிரல்.

"ஹ்யோங்,
நாவலிலும் இப்படித்தானா?"

கைப்பேசியைத் தொடையில் கவிழ்த்தேன்.
சாரம் கட்டும் குழுவின் தாக் இன்-ஹா.
எட்டு மாதமாக அதே பேருந்து,
இருமலைத் தவிர பேசிக்கொண்டதில்லை.
"நான் படம் மட்டும்தான் பார்ப்பேன்.
எழுத்து தூங்க வைத்துவிடும்.
இவன் ஏன் கையை எடுத்தான்?"

தொண்டையைச் செருமினேன்.
பதினொரு வரியையும் சொன்னேன்,
பாதுகாப்புச் சுற்றறிக்கை வாசிக்கும் குரலில்.
இரண்டு வரி மறந்துபோனது.
கவிச்சியைச் சொன்னபோது
அவன் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டான்.

பிறகு என் தொடையிலிருந்த கைப்பேசியை
அவனே நிமிர்த்தி,
வெள்ளைக்கெல்லாம் அடியில், கடைசிக் கட்டத்தில்,
மூ-யோலின் காலரைப் பெரிதாக்கிக் காட்டினான்.
அங்கே நீலமாக, நகக்கண் அளவு,
ஒரு மீன் செதில்.

தொட்டிருக்கிறான்.
எப்போது?
சாப்பாட்டு இடைவேளை முழுக்க நாவலில் தேடினேன்,
அறுபதிலிருந்து எழுபதுவரை.
அந்தச் செதில் எங்கும் இல்லை.
யாரோ ஒருவர், வாடகை அறையில்,
கெடு நெருங்கிய இரவில்
எழுதியவருக்கே தெரியாத ஒன்றை
அவர் கதைக்குள் ஒட்டிவிட்டிருக்கிறார்.
மச்சத்தை மன்னித்தேன்.

வரும் வியாழன் இருக்கை பிடித்து வை என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
வாயிலில் தலைக்கவசம் மாட்டிக்கொள்ள
அவன் குனிந்தான்.
அவனுக்கு மச்சம் இருக்கிறதா என்றெல்லாம்
நான் பார்க்கவில்லை.

வலது பக்கம்.