நான்காம் துளை

கேரி நகரில் டயர்க்கடைத் திறப்பு விழா.
நாற்பது டாலர், ஒரு தட்டு பொரித்த மீன்.
தொழிலுக்கு வந்த முப்பத்தோராம் வருஷம்
ஓஸ்ஸி பிகின்ஸ் ரயில் ஊதினான்:
பிள்ளைகளுக்குப் பாசஞ்சர்,
பெரியவர்கள் கேட்டால் சரக்கு.

பெல்ட்டில் ஆறு மவுத் ஆர்கன்.
'ஏ' கட்டையில் நான்காம் துளை செத்து
செவ்வாயோடு மூன்று வாரம்.
அந்தச் சுரம் வரும் இடத்தில்
தொப்பியைக் கழற்றி வணங்கினான்.
அதற்கும் கைதட்டினார்கள்.

"ஊதுவது கஷ்டமா?" என்றாள் கடைக்காரி.
"ஊதுவதில் ஒன்றுமில்லை, அம்மா.
இழுப்பதில்தான் எல்லாம்."

எண்ணியபோது இரண்டு டாலர் குறைந்தது.
சொல்லவில்லை.
வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி
செத்த துளையில் வாய் வைத்து
இழுத்துப் பார்த்தான்.

எச்சில், மீன் வாசனை,
பிறகு
வெறும் காற்று,
அதையும் விடாமல் இழுத்தான்.